பொட்டலக் காகிதத்து மாதேவி

உத்திரமேரூர் பஜார் தெருவில், வஹாப் பாயின் செருப்புக் கடைக்கு மேல்மாடியில், ஒரு மகாராணி ஆட்சி செய்துகொண்டிருந்தாள். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்த கதை. அரியணை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் வலது கைப்பிடி விரிசல் விட்டு டேப் சுற்றியிருந்தது. ஆட்சி நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்கூடம் விடும்வரை. நடுவில் யாராவது பரீட்சை முடிவு பார்க்க வந்தால் ஆட்சி ஒத்திவைக்கப்படும். கரண்ட் போனால் கவிழ்ந்துவிடும்.

ராணியின் பெயர் ஜாஹிதா. வஹாப் பாயின் மனைவி. 'ஆஷிகா பிரவுசிங் சென்டர்' அவளுடையது; ஆஷிகா அவள் மகள். நாலு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பூப்போட்ட திரை, மூலையில் சாமியார் மாதிரி எதிலும் பற்றில்லாத ஒரு மின்விசிறி. இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்த ராஜ்ஜியம். மற்றது கண்ணுக்குத் தெரியாதது.

அதற்கு முப்பது வருடம் முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் 'வேங்கைக் கோட்டம்' என்று ஒரு சரித்திரத் தொடர்கதை வந்தது. யானை, குதிரை, சுரங்கம், நிலவொளி, நஞ்சு தடவிய மோதிரம் எல்லாம் உண்டு. கதை முடிந்து, எழுதியவரும் போய்ச் சேர்ந்து, பத்திரிகையும் நின்றுபோன பிறகும் அதை விட மனமில்லாத சிலர் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். சென்னை, சிங்கப்பூர், டொரன்டோ என்று சிதறிக் கிடந்தவர்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். அமைச்சரை எடுத்தவர் அமைச்சராகவே பேசி எழுதிப் போடுவார். இளவரசரை எடுத்தவர் இளவரசராகப் பதில் எழுதுவார். இப்படியே கதை வளரும். நாடகம்தான், மேடையும் அரிதாரமும் கிடையாது, எழுத்து மட்டும்.

அதில் இரண்டு சாதிப் பாத்திரங்கள். தொடர்கதையிலேயே இருந்தவர்களுக்கு 'மூலவர்' என்று பெயர். தொடர்கதையில் இல்லாமல், விளையாட வந்தவர் தானாகக் கற்பனை செய்துகொண்டு வந்தால் 'புதியவர்'. மூலவர் அரண்மனைக்குள் உலாவலாம், போர் தொடுக்கலாம், காதலிக்கலாம். புதியவர் வாசலில் நின்று, கூப்பிட்டால் உள்ளே வரலாம். புதியவர் மூலவரை எதிலும் வெல்லக் கூடாது. பேச்சை வணங்கித்தான் தொடங்க வேண்டும். ஏன் என்று கேட்டால் 'மூலத்தில் அப்படித்தான்' என்பார்கள். புதிதாக ஒன்று செய்தால் 'மூலத்தில் இல்லை' என்பார்கள். இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டையே ஆயிரக்கணக்கான வருடம் ஓட்டியிருக்கிறார்கள். ஓர் இணையக் குழுவை ஓட்டமுடியாதா? நம்மவர்கள் எந்தப் புது உலகத்துக்குக் குடிபோனாலும் கருவறையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போவார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒருவர் போட்டதற்கு வேறொரு பாத்திரம் பதில் சொல்லிவிட்டால், அது கதையில் சேர்ந்தாயிற்று. பிறகு யாரும் அழிக்கக் கூடாது. விதிகள் எல்லாவற்றையும் எழுதியவர் பேரமைச்சர் வேடத்தில் இருந்தவர். சென்னையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றது அவர் உடம்பு மட்டும்தான்.

ஜாஹிதாவுக்குக் கிடைத்தது சாதாரண ஆசனம் இல்லை. மாதேவி கயல்நங்கை, வேங்கை நாட்டின் பட்டத்தரசி, இளவரசன் வேங்கைமாறனின் தாய். அதுவரை அந்தப் பாத்திரத்தை வைத்திருந்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, நாட்டைக் கவனிக்க நேரமில்லாமல் போனது. இடம் காலி என்று அறிவிப்பு வந்ததும் முதலில் கை தூக்கியவள் இவள். குழுவில் பெயரை 'ஜா, உத்திரமேரூர்' என்று மட்டும் கொடுத்திருந்தாள். மீதியை அவர்களே 'ஜானகி' என்று பூர்த்தி செய்துகொண்டார்கள். இவளும் திருத்தவில்லை. ஊர்ப் பெயரைக் கண்டதும் பேரமைச்சருக்குப் புல்லரித்துவிட்டது. 'குடவோலை கண்ட மண்ணிலிருந்து நமக்கொரு மாதேவி!' என்று வரவேற்புரை எழுதினார். அந்தத் தேர்தல் முறையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கும் கோயிலைத் தாண்டித்தான் ஜாஹிதா மீன் வாங்கப் போவாள். சொந்த நிலம் இல்லாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்பதும் அதே சுவரில்தான் வெட்டியிருக்கிறது. அந்த வரிக்குக் குழுவில் யாருக்கும் புல்லரித்ததாகத் தெரியவில்லை.

ஊரில் ஜாஹிதாவுக்குப் பெயர்கள் பல உண்டு. செருப்புக்கடை பாய் வீட்டம்மா. நசுருதீன் தங்கச்சி. ஆஷிகாம்மா. பிரவுசிங் அக்கா. இத்தனையிலும் அவள் யாருக்காவது ஒட்டாகத்தான் இருந்தாள். குழுவில் மட்டும் 'தேவி, தங்கள் திருவுளம் என்ன?' என்று டொரன்டோக்காரர்கள் கேட்டார்கள். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஒரு பெண்ணிடம் அதற்கு முன் யாரும் கேட்டிராத கேள்வி அது. ஆகவே அந்தச் சிவப்பு நாற்காலியை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு குறை. ராணிக்குத் தமிழில் தட்டச்சு வராது. அதற்கு ஷீபா இருந்தாள்.

ஷீபா காவாந்தண்டலத்துப் பெண். அப்பா பெஞ்சமினும் அம்மா சிட்டம்மாளும் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டு, அறுத்து, இவளைப் படிக்க வைத்தார்கள். தமிழ்த் தட்டச்சில் மேல்நிலை பாஸ் செய்துவிட்டு, தினமும் பஸ் பிடித்து வந்து சென்டரைப் பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயது. சிரிக்காமல் கேலி செய்யும் முகம். ஜாஹிதா சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். சொன்னதை அப்படியே அடித்தால் ராஜ்ஜியம் ஒரே நாளில் போயிருக்கும்.

"எயுது," என்பாள் ஜாஹிதா, நாற்காலியில் சாய்ந்து. "இன்னா அமைச்சரே, எம்மவன் ரெண்டு நாளா துன்னாம கெடக்கறான். நீ இன்னாடான்னா வரி, வரின்னு உசுர வாங்கிக்கினு கீற?"

ஷீபாவின் விரல்கள் ஓடும். திரையில் இப்படி வரும்: 'பேரமைச்சரே! என் மைந்தன் இரு பகலாய் உணவு துறந்து வாடுகிறான். தாங்களோ வரி என்னும் ஒற்றைச் சொல்லால் இத்தாயின் உயிரை உருக்குகின்றீர்.'

"நான் இதையா சொன்னேன்?"

"இதேதான்க்கா. கொஞ்சம் நகை மாட்டி வுட்டுக்கிறேன்."

"நல்லாத்தான் கீது. அந்த 'உருக்குகின்றீர்'ல இன்னொரு ஆச்சரியக்குறி போடு."

செந்தமிழ் கேட்டுக் கேட்டு ஜாஹிதாவுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சோறு பரிமாறும்போது, "குழம்பு கொணர்ந்தேன், பருகுக" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வஹாப் பாய் செருப்பு அளவெடுக்கிற நிதானத்தோடு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மாதேவி, கொயம்புல உப்பு இல்ல. அந்த அமைச்சரு வரி போட்டுட்டாரா அதுக்கும்?"

"உங்களுக்குப் பொறாமைங்க."

"பொறாம இன்னாத்துக்கு? ராணி புருசன்னா நானும் ராஜாதானே. அந்தக் கதையில ராஜா எங்க?"

"ரெண்டாவது அத்தியாயத்துல செத்துட்டாரு."

"அதானே பாத்தேன்," என்று வஹாப் பாய் தானே எழுந்துபோய் உப்பு எடுத்துக்கொண்டார்.

ஜாஹிதா அந்தத் தொடர்கதையைப் படித்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். வாலாஜாபாத்தில் அவள் அப்பாவுக்கு மளிகைக் கடை. பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்கி, தாள் தாளாகக் கிழித்துப் பொட்டலம் கட்டுவார்கள். சிறுமி ஜாஹிதா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பொட்டலமாவதற்குள் அந்தத் தாள்களைப் படித்துவிடுவாள். முதலில் இருபதாம் அத்தியாயம், பிறகு ஏழு, அதன் பிறகு முப்பத்து மூன்றில் பாதி. வேங்கைமாறன் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட இடத்தில் அண்ணன் நசுருதீன் தாளைப் பிடுங்கிக் கால்கிலோ மிளகாய் கட்டிக் கொடுத்துவிட்டான். வேங்கைமாறன் எப்படி வெளியே வந்தான் என்று ஜாஹிதாவுக்கு வருடக்கணக்கில் தெரியாது. விட்டுப்போன இடங்களைத் தானே கட்டி முடித்துக்கொண்டாள். கிடைத்த பக்கங்களில் மாதேவி கயல்நங்கை மகனுக்காக அழுதாள், ஏழைக்கு முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தாள். ஆகவே ஜாஹிதாவின் கணக்கில் மாதேவி தங்கமான மனுஷி. குழுவில் யாரும் அவளிடம் நீ எந்தப் பதிப்பு படித்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் துவரம்பருப்புப் பதிப்பு என்று சொல்லியிருக்க வேண்டும்.

ராணியாகிச் சில மாதங்களில் ஜாஹிதாவுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது.

"நீயும் ஒண்ணு எடுத்துக்கயேன் ஷீபா. எனக்கே அடிச்சிக்கினு கீற."

"இன்னா எடுக்கறது? காலியா கீறது ஒரு ஒற்றன், அப்பால ஒரு கெய்வி. ரெண்டும் வாணாம்." கொஞ்சம் யோசித்தாள். "நானே ஒருத்திய உண்டாக்கிக்கறேன்."

அப்படிப் பிறந்தவள் செம்பி. வேங்கை நாட்டுப் பெரிய ஏரியின் மதகைத் திறந்து மூடுகிறவள். தொடர்கதை முழுவதும் அந்த ஏரியில் தாமரை பூத்தது, நிலவு மிதந்தது, இளவரசி கால் நனைத்தாள். அந்தத் தண்ணீர் எப்படி வயலுக்குப் போனது, யார் திறந்துவிட்டார்கள் என்று எழுதியவர் கவலைப்படவில்லை. அந்த இடத்தில்தான் ஷீபா செம்பியை நிறுத்தினாள். செம்பி அதிகம் பேசமாட்டாள். பேசினால் சுருக்கென்று இருக்கும். டொரன்டோவிலிருந்து ஓர் அம்மாள், 'இந்தப் பெண் வந்தால்தான் எனக்குக் கதையே உயிரோடு இருப்பதுபோல் தெரிகிறது' என்று எழுதினார். அன்று ஜாஹிதாவின் முகம் கொஞ்சம் சுண்டிப்போனது என்பதையும் மறைப்பதற்கில்லை.

"மாதேவி பத்தி ஒண்ணும் எயுதலியா அந்தம்மா?"

"அடுத்த தபா எயுதுவாங்கக்கா."

வினை ஒரு திங்கட்கிழமை வந்தது. இளவரசர் வேங்கைமாறன், அதாவது சிங்கப்பூரில் ஏதோ கம்பெனியில் அதிகாரியாக இருந்த ஒருவர், வெற்றி முழக்கத்தோடு ஏரிக்கரை வழியாகக் குதிரையில் வந்தார். மூன்று பத்திக்கு வந்தார். மழை விட்டிருந்தது, வானவில் இருந்தது, குதிரையின் பிடரியில் முத்து முத்தாக நீர் இருந்தது. எதிரே செம்பி நின்றாள். அவள் சொன்னது ஒரே வரி: 'கரை ஈரமாக இருக்கிறது. இறங்கி, குதிரையை நடத்திக்கொண்டு போங்கள்.'

வணக்கம் போடவில்லை. வழியும் விடவில்லை.

குழு கொந்தளித்தது. 'மூலத்தில் இளவரசர் குதிரையை விட்டு இறங்கியதே இல்லை' என்று ஒருவர் எழுதினார்.

"இறங்குனதே இல்லியா?" என்றாள் ஜாஹிதா. "அம்பது அத்தியாயம். ஒண்ணுக்குக் கூடவா?"

ஷீபா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையில் தலையை வைத்துக்கொண்டாள்.

சிரிப்பு மறுநாள் நின்றுபோனது. மாதேவிக்குப் பேரமைச்சரிடமிருந்து தனி ஓலை வந்திருந்தது. நாற்பத்தோராம் அத்தியாயத்தில், இளவரசனுக்கு வணங்காமல் பேசிய பணிப்பெண் ஒருத்தியின் கூந்தலை மழித்து நாட்டின் எல்லைக்கு வெளியே துரத்தும்படி மாதேவி ஆணையிடுகிறாள். மூலத்தின்படி செம்பிக்கும் அதே தண்டனையை மாதேவி அறிவிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அறிவிக்காவிட்டால், மாதேவியின் இயல்பு அறியாதவர் அந்த ஆசனத்தில் இருப்பது முறையாகாது. பெங்களூரில் ஓர் அம்மையார் காத்திருக்கிறார்.

"பொய்," என்றாள் ஜாஹிதா. "என் ராணி அப்டி செய்ய மாட்டா."

"நாப்பத்தொண்ணு படிச்சிக்கிறீங்களாக்கா?"

ஜாஹிதா யோசித்துப் பார்த்தாள். நாற்பதாவதைப் படித்திருந்தாள். நாற்பத்து மூன்றில் பாதி. நாற்பத்தொன்று யார் வீட்டுப் புளியோடு போனதோ.

பேரமைச்சர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்தே அனுப்பியிருந்தார். மடிப்பும் எண்ணெய்க் கறையும் இல்லாமல் ஜாஹிதா பார்த்த முதல் 'வேங்கைக் கோட்டம்' பக்கம் அதுதான். அதில் மாதேவி கயல்நங்கை பணிப்பெண் அழுவதைப் பார்த்துச் சிரித்தாள். 'புழுவுக்குப் புரவியைத் தடுக்கும் துணிவா?' என்று கேட்டாள். ஜாஹிதா இரண்டு முறை படித்தாள். சின்ன வயதிலிருந்து கூடவே வந்த ஒருத்தி திடீரென்று வேறு ஆளாகத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

அன்று சென்டர் சீக்கிரம் மூடப்பட்டது. வீட்டில் குழம்பில் உப்பு இருந்தது, காரம்தான் இல்லை. வஹாப் பாய் ஊறுகாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

புதன் போனது. வியாழனும் போனது. ஜாஹிதா கம்ப்யூட்டர் பக்கமே வராமல் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். பெங்களூர் அம்மையார் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். பட்டுப்புடவையும் மூக்குக் கண்ணாடியும் மனதில் வந்து நின்றன. 'தேவி, தங்கள் திருவுளம் என்ன?' என்று இனி அவளைத்தான் கேட்பார்கள். அதை நினைத்ததும் துவைத்த திரைச்சீலையையே மறுபடி வாளியில் போட்டாள். ஒரு விளையாட்டுதானே, ஒரு மதகுக்காரிக்கு எழுத்தில் முடி வெட்டினால் யாருக்கு என்ன போகிறது என்றும் தோன்றியது. தோன்றியதும் ஷீபா தலைவாரிப் பின்னல் போட்டிருந்தது கண்ணில் பட்டது. திரைச்சீலையை இன்னும் ஓங்கி அடித்துத் துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பஜார் மறுபடி திறந்த நேரத்தில் அவள் மாடி ஏறி வந்தபோது, ஷீபா ஏற்கெனவே உட்கார்ந்து அடித்து முடித்திருந்தாள்.

"இன்னாது?"

"உங்க ஆணைதான்க்கா. நானே எயுதிட்டேன். நீங்க சொல்றதுக்கு பேஜாராகிடும்னு. 'அனுப்பு'ங்கறத மட்டும் நீங்க அமுக்குங்க."

ஜாஹிதா குனிந்து படித்தாள். 'மதகுக் காவற்பெண் செம்பியின் கூந்தலைக் களைந்து எல்லைக்கு அப்பால் துரத்துக. இனி இவ்வேரியில் அவள் நிழலும் விழலாகாது.'

நன்றாக இருந்தது. பேரமைச்சரே எழுந்து நின்று கைதட்டுவார்.

"நெயலு வுயக்கூடாதுங்கறது அந்தப் பக்கத்துல இல்லியே. அது எங்கருந்து புட்ச்ச?"

"அது மூலத்துல இல்லக்கா," என்றாள் ஷீபா, திரையைப் பார்த்தபடி. "நாட்டுல கீது."

ஜாஹிதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கீழே கடையில் வஹாப் பாய் யாருக்கோ ஒன்பதாம் நம்பர் இல்லை, பத்தாம் நம்பர் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்மே, உண்மைய சொல்லு. அந்த இளவரசன இன்னாத்துக்கு எறங்கச் சொன்ன? வணக்கம் சாமின்னு சொல்லிட்டு வழி வுட்டிருந்தா முடிஞ்சிது இல்ல?"

"வழி வுட்டிருக்கலாம்." ஷீபா மவுசை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். "எங்க நைனா முன்னாடி கரும்பு வெட்டப் போற வழியில ஒரு ஊரு. அந்தத் தெருவுல எங்காளுங்க சைக்கிள்ல ஏறிப் போவக் கூடாது. எறங்கி தள்ளிக்கினு போவணும். நைனா தெனமும் எறங்குவாரு, ஏறுவாரு. எங்கிட்ட சிரிச்சிக்கினேதான் சொல்லுவாரு, பெடலு தேயாது பாருன்னு." அவளும் சிரித்தாள். "அதான், ஒரு தபா இவங்கள்ல ஒருத்தர எறக்கிப் பாக்கலாமேன்னு. ஆசதான். வுடுங்கக்கா, அமுக்குங்க. உங்க நாற்காலி பூடும்."

ஜாஹிதாவின் விரல் மவுசின் மேல் இருந்தது. அந்த ஆணையை அனுப்பினால் நாளைக்கும் அவள் மாதேவி. அவளுக்கு அது வேண்டும். வேண்டாம் என்று பொய் சொல்லுகிற பெண் இல்லை அவள்.

"அயிச்சுடு," என்றாள்.

"அக்கா…"

"அயின்றேன்ல. அயிச்சிட்டு நான் சொல்றத எயுது." எழுந்து நின்றுகொண்டாள். ஆட்சி செய்த இத்தனை மாதத்தில் ராணி எழுந்து நின்று ஆணையிட்டது அதுதான் முதல் தடவை. "டேய் மாறா, எறங்குடா கீய. அந்தப் பொண்ணு இன்னா தப்பா சொல்லிட்டா? கரை ஈரமா கீது, எறங்கி நடந்து போன்னா. எறங்குனா கிரீடம் கொறஞ்சா பூடும்? அவ மதகத் தொறக்கலன்னா நாளைக்கு நாஷ்டாவுக்கு இன்னாத்த துன்னுவ, முத்துமாலையையா?"

ஷீபா 'மைந்தா, வேங்கைமாறா!' என்று தொடங்கியிருந்தாள்.

"வாணாம். நகையெல்லாம் கயட்டிடு. நான் சொன்ன மாதிரியே எயுது."

"மெய்யாலுமேவா?"

"மெய்யாலுமேதான். இதையும் போடு. அவ தலையில எவன் கைய வெச்சாலும் எங்கிட்ட வந்து பேசச் சொல்லு. இப்படிக்கு உங்கம்மா."

ஷீபா அடித்தாள். ஓர் எழுத்து மாற்றவில்லை. ஜாஹிதா தானே 'அனுப்பு' என்பதை அமுக்கினாள்.

வேங்கை நாட்டு வரலாற்றில் முதல்முறையாக அரண்மனையிலிருந்து உத்திரமேரூர்ப் பேச்சு ஒலித்தது. பிறகு சிங்கப்பூர்க்காரர் பொறுக்கமாட்டாமல் எழுதினார்: 'தாயே! இது என்ன மொழி?'

"பதில் சொல்லிட்டாரு!" என்று ஷீபா துள்ளினாள். "அக்கா, இளவரசரு பதில் சொல்லிட்டாரு! இனிமே அமைச்சரு அயிக்க முடியாது. அவரு போட்ட சட்டம்!"

கதையில் சேர்ந்தாயிற்று. பேரமைச்சர் வந்து 'கொச்சை', 'இழுக்கு', 'மூலத்தில் இல்லை' என்று மூன்று முறை எழுதினார். அதற்குள் டொரன்டோ அம்மாள் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டார். பணிவான சந்தேகம்தான்: 'மூலத்தில் இளவரசர் தாயின் சொல்லைத் தட்டியதே இல்லை அல்லவா? இப்போது தாய் இறங்கச் சொல்லிவிட்டாரே?'

ஐம்பது அத்தியாயத்திலும் அவன் அப்படித்தான். அதற்காகத்தான் வாசகர்கள் அவனைக் கொண்டாடினார்கள். சனியும் ஞாயிறும் போயின. திங்கட்கிழமை இளவரசர் இறங்கினார். நான்கு பத்தி எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் பத்தியில் பெருமூச்சு விட்டார், இரண்டாவதில் குதிரை கண்ணீர் விட்டது, மூன்றாவதில் ஒரு கால் மட்டும் தரைக்கு வந்தது. நான்காவதில் சேறு ஒட்டிய பாதங்களோடு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, செம்பியைத் தாண்டி நடந்து போனார். செம்பி ஒரே வரி எழுதினாள்: 'பார்த்து நடங்கள், வழுக்கும்.'

செவ்வாய்க்கிழமை பேரமைச்சரின் ஓலை வந்தது. மாதேவி கயல்நங்கையின் ஆசனம் பெங்களூர் அம்மையாருக்கு வழங்கப்படுகிறது. ஜானகி அம்மையாரின் சேவைக்கு நன்றி.

ஜாஹிதா அழவில்லை. "ஜானகிய தூக்கிட்டாங்க, எனக்கு இன்னா?" என்று சொல்லிவிட்டு, கீழே போய்க் கடையில் உட்கார்ந்து, கேட்காத வாடிக்கையாளர்களுக்கெல்லாம் செருப்பு எடுத்துக் காட்டினாள். இரண்டு வாரம் மாடிப் பக்கம் மத்தியானத்தில் போகவில்லை. ஷீபா டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பாள். ஜாஹிதா கிளாஸை வாங்கிக்கொள்வாள்.

"ராணி போனா சோறு சூடா கெடைக்கும்னு பாத்தேன்," என்றார் வஹாப் பாய். "அதுவும் இல்ல. மேல போய்த் தொலை. இங்க நீ விக்கறதுல எனக்கு இடது கால் செருப்பா மிஞ்சுது."

அவள் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விடுவிடுவென்று மாடி ஏறினாள்.

"ஷீபா, அந்தக் கதையில எத்தினி குதிர கீது?"

"எண்ண முடியாதுக்கா. வரிக்கு ஒண்ணு."

"அத்தினியும் எங்கருந்து வந்துச்சு? வேங்கை நாட்டுல குதிர வெளையுதா? கப்பல்ல ஏத்திக்கினு அரபு நாட்டுலருந்து யாரு இட்டாந்தது? அவங்க எங்க போனாங்க கதையில?"

ஷீபா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கேலி முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் ஏறியது. "மூலத்துல இல்லக்கா."

"குதிர கீதுல்ல? அப்ப வித்தவனும் இருந்திருப்பான். அவனுக்கு பொண்டாட்டியும் இருந்திருப்பா. போடு. புதியவர். பேரு ஜாஹிதா. ஊரு உத்திரமேரூர். முயுசா போடு, 'ஜா'ன்னு நிறுத்தாத."

பேரமைச்சர் ஆட்சேபித்தார். மூலத்தில் குதிரை வணிகர் யாரும் இல்லை என்றார். அப்படியானால் இளவரசர் அத்தனை அத்தியாயமும் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று புதியவர் ஜாஹிதா கேட்டாள். டொரன்டோவிலிருந்து சிரிப்பு வந்தது. பெங்களூர் அம்மையார்கூட, பெயர் மாறிய ஆளைக் கண்டும் காணாமல், தனக்கு ஒரு வெள்ளைக் குதிரை வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள். பட்டுப்புடவைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் குதிரைக்காரி ஜாஹிதா அந்த வெள்ளைக் குதிரையின் மேல் ஏறி, அரண்மனையைப் பார்த்து ஏரிக்கரை வழியாகப் புறப்பட்டாள். சிவப்பு நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல ஷீபா அடித்தாள். நகை போடாமல் அடித்தாள். கரையின் நடுவில் வந்ததும் ஷீபாவின் கை நின்றது. பக்கத்து கம்ப்யூட்டருக்கு நகர்ந்தாள். அங்கே செம்பியாக ஒரு வரி அடித்துவிட்டுத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதவள்போல் உட்கார்ந்துகொண்டாள்.

ஜாஹிதா திரையைப் பார்த்தாள். 'கரை ஈரமாக இருக்கிறது. இறங்கி, குதிரையை நடத்திக்கொண்டு போங்கள்.'

"ஏம்மே! என்னையுமா?"

"கரை ஈரம்க்கா."

"உனக்காக ராணியவே வுட்டேன்டி நானு!"

"அதுக்கு கரை காயுமா?"

ஜாஹிதா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

"எயுது," என்றாள். "எறங்கிட்டா. ஒரே வரியில எறக்கு. நாலு பத்தியெல்லாம் வாணாம்."